சங்கிலி இல்லாத சைக்கிள்: மாற்று உந்துமுறையைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

சைக்கிளின் பெடலில் கால் கொடுக்கும் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் வேலையைச் சங்கிலி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகச் செய்துவருகிறது. மான்செஸ்டரில் தொழிற்சாலை நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் பின்சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டிய பிறகு, உயரமான முன்சக்கர வண்டிகளின் காலம் சில ஆண்டுகளுக்குள் முடிந்துபோனது. அன்றிலிருந்து சங்கிலிக்கு மாற்றாகத் தண்டு, நெம்புகோல், கயிறு, எண்ணெய் அழுத்தம், மின்சாரம், பல்பட்டை என்று எல்லாவற்றையும் பொறியாளர்கள் முயன்று பார்த்துவிட்டார்கள். அவற்றில் எது உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பதை நீங்களே கணக்கிட்டுத் தெரிந்துகொள்வதற்காகவும், பொருந்துவதை முறையாக மாட்டுவதற்காகவும் இதை எழுதுகிறேன்.

ஓர் உண்மையை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் அளந்தபோது, சங்கிலியின் திறன் 98.6 சதவீதம் வரை எட்டியது. காலின் உழைப்பில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட வீணாகாத ஒரு பொறியை, திறனைக் காட்டி வெல்வது மிகக் கடினம். ஆகவே மாற்று உந்துமுறையால் கிடைக்கும் ஆதாயம் வேகத்தில் இருக்காது. எண்ணெய்க் கறை படியாத வேட்டியிலும் சேலையிலும், மழைக்காலத்தில் துருவேறாத பாகங்களிலும், ஓசையற்ற ஓட்டத்திலும், அடிக்கடி கவனிக்கத் தேவையில்லாத நிம்மதியிலும்தான் அந்த ஆதாயம் இருக்கிறது.

முதல் படி: இப்போதுள்ள சங்கிலியைச் சோதியுங்கள்

சங்கிலி சரியில்லை என்று முடிவு செய்பவர்களில் பலருக்கு உண்மையில் பழுதாகியிருப்பது அந்த ஒரு சங்கிலி மட்டும்தான். ஓர் எஃகு அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பின்னின் நடுப்புள்ளிக்கும் அடுத்த பின்னின் நடுப்புள்ளிக்கும் இடையே 12.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 24 இடைவெளிகளைச் சேர்த்து அளந்தால் புதிய சங்கிலியில் 304.8 மில்லிமீட்டர் வரும். அது ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் அரை சதவீதத் தேய்மானம்; சங்கிலியை மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால் பிரீவீலின் பற்களும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும் என்பது ஏறத்தாழ உறுதி. முன்பக்கப் பல்சக்கரத்தின் முன்விளிம்பில் சங்கிலியை விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி உயரத்துக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் அளவுகோலே தேவையில்லை.

புதிய சங்கிலியும் முழுமையாக மூடிய செயின் கவரும் உங்கள் குறையைத் தீர்த்துவிடும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. நெதர்லாந்தின் அன்றாட சைக்கிள்களும் நம் ஊரின் பழைய கறுப்பு சைக்கிள்களும் இந்த எளிய வழியில்தான் மழையையும் புழுதியையும் தாங்கிவந்திருக்கின்றன. கவரைத் திறந்து பார்க்கும்போது, பல ஆண்டுகள் ஓடிய சங்கிலியும் ஈரமான எண்ணெய்ப் பளபளப்போடு இருப்பதைக் காணலாம். கவர் போட்டும் தீராத சிக்கல் இருந்தால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: ஆரத்தைக் கணக்கிடுங்கள்

எந்த உந்துமுறையாக இருந்தாலும் அதன் வலிமையையும் எடையையும் தீர்மானிப்பது, விசை எவ்வளவு ஆரத்தில் கைமாறுகிறது என்பதுதான். கணக்கு எளிது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மேட்டில் எழுந்து நின்று, 170 மில்லிமீட்டர் நீளமுள்ள கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) முழு எடையையும் வைப்பதாகக் கொள்வோம். 44 பற்கள் கொண்ட முன்பல்சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 89 மில்லிமீட்டர். 70ஐ 170ஆல் பெருக்கி 89ஆல் வகுத்தால், சங்கிலியின் மீது விழும் இழுவிசை ஏறத்தாழ 134 கிலோ எடைக்குச் சமம் என்று வரும். எஃகுச் சங்கிலி இதைச் சுலபமாகத் தாங்கும்.

இதே விசையை 30 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு கூம்புப் பல்சக்கரம் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பற்களின் மீது விழும் சுமை ஏறத்தாழ 400 கிலோ. தண்டு வழி உந்துமுறையின் வரலாறு முழுவதும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும் என்றே சொல்வேன்.

மூன்றாம் படி: மாற்றுகளை ஒவ்வொன்றாக எடைபோடுங்கள்

சங்கிலியில்லா சைக்கிள் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது இயக்கத்தண்டு. காரில் இருப்பதுபோல, பெடலின் சுழற்சியை ஒரு கூம்புப் பற்சக்கர இணை தொண்ணூறு பாகை திருப்பித் தண்டுக்குக் கொடுக்கிறது. பின்சக்கரத்தின் அருகே இன்னோர் இணை அதை மறுபடி திருப்புகிறது. 1890களின் இறுதியில் அமெரிக்காவின் போப் நிறுவனம் கொலம்பியா என்ற பெயரில் இத்தகைய வண்டிகளை விற்றது. பிரான்சிலும் அதே காலத்தில் அவை ஓடின. முழுவதும் மூடிய அமைப்பு என்பதால் உடை மாட்டிக்கொள்ளாது, மழை நீர் உள்ளே போகாது, கிரீஸ் வெளியே வராது. ஆனால் பற்கள் ஒன்றோடொன்று சேரும்போது ஒன்றையொன்று விலக்கித் தள்ளவும் செய்கின்றன. 400 கிலோ சுமையில் அந்தத் தள்ளுதலைத் தாங்க உறையும் பால்ரஸ்களும் கனமாக இருக்க வேண்டும். பிரேம் சற்றே வளைந்தாலும் பற்களின் பிடிப்பு ஓரத்துக்கு நகர்ந்துவிடும். ஓரம் மட்டும் சுமை தாங்கும் பல் விரைவில் உதிரும். இரண்டு இடங்களில் திசை திரும்புவதால் இழப்பும் இரண்டு முறை நேர்கிறது.

அப்படியானால் தண்டு வீணா என்றால், இல்லை. பராமரிப்புக்கு ஆள் இல்லாத வாடகை வண்டிகளுக்கு அது நன்றாகவே பொருந்தியது. 2016இல் ஷாங்காயில் அறிமுகமான மோபைக் பகிர்வு சைக்கிளின் முதல் வடிவம், காற்று அடைக்கத் தேவையில்லாத டயரோடு இயக்கத்தண்டையும் கொண்டிருந்தது. தெருவில் நிற்கும் வண்டிக்கு யாரும் எண்ணெய் விடப்போவதில்லை என்ற இடத்தில், எடையும் இழப்பும் ஏற்றுக்கொள்ளத்தக்க விலைதான். தண்டு வண்டி வேண்டும் என்றால் அதற்கென்றே செய்யப்பட்ட முழு வண்டியை வாங்குங்கள். சாதாரணப் பிரேமில் தண்டைப் பொருத்துவதற்கு நான் எந்த வழியும் சொல்லமாட்டேன். 2018இல் டென்மார்க்கின் செராமிக்ஸ்பீடு நிறுவனம், பற்களுக்குப் பதிலாகச் சிறு பால்ரஸ் உருளைகளைத் தண்டின் நுனிகளில் வைத்து, 99 சதவீதத் திறன் என்ற உரிமைகோரலோடு ஒரு மாதிரியைக் காட்டியது. உரசலை உருட்டலாக மாற்றிய அந்தச் சிந்தனை அழகானது. ஆனாலும் சேறும் மேடும் உள்ள சாலைக்கான வண்டியைத் தேடும் உங்களுக்கு அது இன்று உதவாது.

நெம்புகோல் வண்டிகளில் பெடல் வட்டமிடாது. மேலும் கீழும் மட்டும் அசையும். 1890களில் ஸ்வீடனின் லியுங்ஸ்ட்ரோம் சகோதரர்கள் உருவாக்கிய ஸ்வேயா சைக்கிள் இவ்வகையைச் சேர்ந்தது; ஆல்பிரட் நோபல் அதற்கு நிதியுதவி செய்தார். வட்டத்தில் சுழலும் காலின் வேகம் கிராங்கோடு சேர்ந்து தொடர்ந்து ஓடுகிறது. மேலும் கீழும் அசையும் காலையோ ஒவ்வொரு மிதிக்கும் நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டியிருக்கிறது. மெதுவாக மிதிக்கும்போது இது தெரியாது. வேகம் கூடக்கூட முழங்கால் அதைச் சொல்லிவிடும்.

ஹங்கேரியில் 2010இல் வெளிவந்த ஸ்டிரிங்பைக் இந்தக் குறையைத் தவிர்த்தது. அதில் பெடல் வழக்கம்போல வட்டமிடுகிறது. இருபுறமும் உள்ள இரண்டு ஊசல் கைகள் மாறி மாறி முன்னும் பின்னும் ஆடி, பின் ஹப்பின், அதாவது பின்சக்கரத்தின் நடுக்குடத்தின், உருளைகளில் சுற்றிய கயிற்றை இழுக்கின்றன. கிணற்று ராட்டினத்தில் ஒரு கயிறு வாளியோடு மேலே வரும்போது மற்றொன்று கீழே இறங்குவதை நினைத்துக்கொண்டால் அமைப்பு புரிந்துவிடும். கயிறு ஊசல் கையில் எந்த உயரத்தில் பிடித்திருக்கிறதோ அதுவே கியர். நெம்புகோலையும் கயிற்றையும் ஒன்றாக்கிய இந்த வடிவமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் உதிரிபாகங்களுக்கு ஒரே இடத்தை நம்பியிருக்க வேண்டும் என்பதால், அன்றாட வண்டியாக யாருக்கும் பரிந்துரைக்கத் துணியமாட்டேன்.

எண்ணெய் அழுத்த முறையை ஓரிரு வரிகளில் முடித்துவிடலாம். பம்பிலும் மோட்டாரிலும் குழாயிலும் ஏற்படும் இழப்புகள் மனிதக் காலின் 100 வாட் அளவிலான உழைப்புக்கு மிகப் பெரியவை. மின் முறை அப்படி ஒதுக்கத்தக்கதன்று. தென்கொரியாவின் மாண்டோ நிறுவனம் 2012இல் ஃபுட்லூஸ் என்ற வண்டியிலும், ஜெர்மனியின் ஷேஃப்ளர், ஹைன்ஸ்மான் நிறுவனங்கள் 2021இல் ஃப்ரீ டிரைவ் என்ற அமைப்பிலும் பெடலுக்கு ஒரு ஜெனரேட்டரையும் சக்கரத்துக்கு ஒரு மோட்டாரையும் கொடுத்து, நடுவே கம்பியை மட்டும் விட்டன. ஜெனரேட்டர் 90 சதவீதமும் மோட்டார் 85 சதவீதமும் திறன் கொண்டவை என்று வைத்தால் இரண்டின் பெருக்கல் 76 சதவீதம்தான். நான்கில் ஒரு பங்கு உழைப்பு வெப்பமாகப் போய்விடும். பேட்டரியின் துணை எப்போதும் இருக்கும் வண்டியில், அதிலும் பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே நீண்ட தொலைவு உள்ள மூன்று சக்கரச் சரக்கு வண்டியில், இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். கால் உழைப்பால் மட்டும் ஓட்டும் வண்டிக்கு இது பொருந்தாது.

மீதமிருப்பது பல்பட்டை, அதாவது பற்கள் கொண்ட பெல்ட். மார்க் சாண்டர்ஸ் வடிவமைத்து 1987இல் வந்த ஸ்டிரைடா மடக்கு சைக்கிள் பெல்ட்டில்தான் ஓடியது (ஃபுட்லூஸையும் வடிவமைத்தவர் அவரே). ஜப்பானில் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் பெல்ட் சைக்கிள்களில் மாணவர்கள் இன்றும் பள்ளிக்குப் போகிறார்கள். இப்போது பரவலாகப் பேசப்படும் கேட்ஸ் கார்பன் டிரைவ் பெல்ட்டில், பாலியூரித்தேன் உடலுக்குள் கார்பன் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. இழுவிசையை நார் தாங்குகிறது. வடிவத்தைப் பாலியூரித்தேன் காக்கிறது. முன்னே நாம் போட்ட கணக்கை இங்கேயும் போட்டால், 50 பற்கள் கொண்ட பெல்ட் சக்கரத்தின் ஆரம் 87.5 மில்லிமீட்டர், இழுவிசை 136 கிலோ, சங்கிலியைப் போலவேதான். ஆரம் பெரிதாக இருப்பதும் சுமையைப் பல பற்கள் பகிர்ந்துகொள்வதும்தான் பெல்ட் வெற்றி பெற்றதற்குக் காரணம். மழையிலும் வண்டியை ஓட்டி, எண்ணெய் தொடாமல் வாழ விரும்புபவருக்கு என் பரிந்துரை இதுவே. இனி வரும் படிகள் பெல்ட்டுக்கானவை.

நான்காம் படி: பிரேம் இடம் தருமா என்று பாருங்கள்

பெரும்பாலானோர் பணத்தை இழப்பது இங்கேதான். பாகங்களை வாங்கிய பிறகு பிரேமைப் பார்ப்பவர்கள் அவற்றைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் தவிக்கிறார்கள். சங்கிலியைப் பிரித்து, பின் முக்கோணத்துக்குள் நுழைத்து, மறுபடி கோக்கலாம். பெல்ட் ஒரே வளையமாக வருவது. அதை வெட்டவோ ஒட்டவோ முடியாது. ஆகவே பிரேமின் வலதுபுறப் பின் முக்கோணத்தில், திறந்து மூடக்கூடிய ஓர் இணைப்பு இருக்க வேண்டும். பெல்ட்டுக்கென்று செய்த பிரேம்களில் இருக்கையிலிருந்து இறங்கும் குழாயும் ஆக்சில் பிடிப்பும் சேரும் இடத்தில் திருகாணி இணைப்பு இருக்கும். எஃகுப் பிரேமாக இருந்தால், பிரேம் கட்டுவதில் தேர்ந்தவர் அந்த இடத்தில் வெட்டி இணைப்பு வைத்துத் தரலாம். அலுமினியத்திலும் கார்பனிலும் இதைச் செய்யவே கூடாது. வீர் என்ற நிறுவனம் நுனிகளைக் கோத்து மூடும் பிரிபெல்ட்டை விற்கிறது. பிரேமை வெட்ட மனமில்லாதவருக்கு அது ஒரு வழி.

அடுத்து, இறுக்கத்தைச் சரிசெய்ய ஆக்சில் முன்பின் நகர இடம் வேண்டும். நகரும் ஆக்சில் பிடிப்போ, பெடல் ஆக்சிலை மையம் விலக்கிச் சுழற்றும் அமைப்போ இருந்தால் நல்லது. நம் பழைய சைக்கிள்களில் உள்ள கிடைமட்டப் பிளவும் செயின் அட்ஜஸ்டரும் கொள்கையளவில் போதும். ஆனால் சக்கரம் இம்மியளவு சாய்ந்தாலும் பெல்ட் ஓரத்துக்கு ஓடும் என்பதால், இருபுறமும் சமமாக நகர்த்தும் திருகுகள் கட்டாயம் வேண்டும். கடைசியாக, பின்பகுதியின் விறைப்பு. பெடலைக் காலால் பலமாக அழுத்தும்போது பின்பகுதி பக்கவாட்டில் வளைந்தால், பெல்ட் பற்களைத் தாண்டிக் குதிக்கும்.

ஐந்தாம் படி: கியரையும் நீளத்தையும் கணக்கிடுங்கள்

பெல்ட் பக்கவாட்டில் நகராது. எனவே பல அடுக்குப் பல்சக்கரமும் அதன் மாற்றியும் இங்கே செல்லாது. கியர் ஹப்பின் உள்ளே இருக்க வேண்டும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1902இல் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் தொடங்கிய வழி இது. இன்று ஷிமானோவின் எட்டு கியர் ஹப், 14 கியரும், மிகத் தாழ்ந்த கியருக்கும் மிக உயர்ந்ததற்கும் இடையே 526 சதவீத விரிவும் கொண்ட ரோலாஃப் ஹப், பெடல் ஆக்சிலிலேயே கியர்ப்பெட்டி வைக்கும் பினியன் என்று பல தெரிவுகள் உள்ளன. மேடு பள்ளம் இல்லாத ஊரில் ஒற்றைக் கியரே போதும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையால் போட்டுப் பார்ப்போம். முன்பல்சக்கரத்தில் 50 பற்கள், பின்பல்சக்கரத்தில் 24 என்றால் விகிதம் 2.08. டயர் ஒரு சுற்றுக்கு 2.17 மீட்டர் ஓடும் என்றால், ஹப்பின் நேரடிக் கியரில் ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி 4.52 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர். ஷிமானோ எட்டு கியர் ஹப்பின் தாழ்ந்த விகிதம் 0.527, உயர்ந்தது 1.615. ஆகவே மேட்டில் 2.38 மீட்டரும், காற்று பின்னிருந்து தள்ளும்போது 7.3 மீட்டரும் கிடைக்கும். மேட்டுக்காக விகிதத்தை இன்னும் தாழ்த்தத் தோன்றும். ஹப் தயாரிப்பாளர் குறித்துள்ள குறைந்தபட்ச விகிதத்துக்குக் கீழே போகாதீர்கள். விகிதம் குறையக் குறைய ஹப்பின் உள்பற்களில் விழும் முறுக்கு கூடும்.

நீளத்துக்கு வருவோம். பெல்ட்டின் பல் இடைவெளி 11 மில்லிமீட்டர். பெடல் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 440 மில்லிமீட்டர் இருப்பதாகக் கொள்ளுங்கள். அதை இரட்டித்தால் 880. இரு பல்சக்கரங்களின் பற்களையும் கூட்டிப் பாதியாக்கி 11ஆல் பெருக்கினால் 407. பல்சக்கரங்களின் அளவு வேறுபாட்டுக்காக ஏறத்தாழ 5 சேருங்கள். மொத்தம் 1292 மில்லிமீட்டர், அதாவது 117.4 பற்கள். பெல்ட்டில் அரைப் பல் கிடையாது. 118 பற்கள் கொண்டதை எடுத்தால் ஆக்சில் 443 மில்லிமீட்டருக்கு நகர வேண்டும். நான்காம் படியில் அளந்த இடைவெளி இந்த மூன்று மில்லிமீட்டரைத் தருகிறதா, பெல்ட்டை மாட்டும்போது அதைவிட முன்னே நகர்த்தித் தளர்த்த இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஆறாம் படி: மாட்டுதல்

பெல்ட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும் கணத்திலிருந்தே கவனம் வேண்டும். கையில் அது ரப்பர் வளையம்போலத் தோன்றும்; மடிக்கவும் முறுக்கவும் கை ஆசைப்படும். உள்ளே இருப்பது கார்பன் நார். இறுக மடித்தாலும், முறுக்கினாலும், உள்புறம் வெளியாகத் திருப்பினாலும் நார்கள் ஓசையில்லாமல் ஒடியும். வெளியே ஒரு கோடுகூடத் தெரியாது. பல நாள் கழித்து, நடுச்சாலையில் அது அறுந்து விழும்போதுதான் அன்றைய மடிப்பு நினைவுக்கு வரும்.

பின் சக்கரத்தை முழுவதும் முன்னே தள்ளுங்கள். பிரேம் இணைப்பைத் திறந்து பெல்ட்டை நுழைத்து மூடுங்கள். இரு பல்சக்கரங்களின் மீதும் அதைக் கையாலேயே அமர்த்துங்கள். டயரை ரிம்மில் ஏற்றுவதுபோல ஸ்குரூடிரைவரால் நெம்புவதும், பாதி மாட்டிவிட்டுப் பெடலைச் சுற்றி ஏற்றுவதும் கூடாது. பிறகு இரு பல்சக்கரங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நீளமான நேர்சட்டத்தை வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருந்தால் இடைவளையங்களால் சரிசெய்யுங்கள்.

இறுக்கம் வைப்பது தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் போன்றது. மேல்பக்கப் பெல்ட்டின் நடுவே விரலால் சுண்டினால் அது ஒலிக்கும். இறுக்கம் கூடினால் சுருதி ஏறும். கேட்ஸ் நிறுவனத்தின் கைபேசிச் செயலி அந்த ஒலியைக் கேட்டு அதிர்வெண்ணைச் சொல்லும். ஒற்றைக் கியருக்கு ஓர் எல்லையும் ஹப் கியருக்கு அதைவிடத் தாழ்ந்த ஓர் எல்லையும் தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். பல்சக்கரம் எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை என்பதால், பெடலைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தையே கணக்கில் கொள்ளுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பால்ரஸ்கள் தேயும், மிதியும் கனக்கும். தளர்ந்திருந்தால் மேட்டில் எழுந்து மிதிக்கும்போது ‘டக்’கென்று பல் தாவும், அப்படி ஒருமுறை தாவினாலே நார்கள் சேதமாகியிருக்கலாம்.

ஏழாம் படி: ஓட்டமும் பராமரிப்பும்

முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு ஆக்சில் நட்டுகளையும் இறுக்கத்தையும் மறுபடி பாருங்கள். பெல்ட் நீளாது; ஆனால் ஆக்சில் தன் இடத்தில் அமரும்போது சற்றே நகரக்கூடும். அதன் பிறகு கழுவத் தண்ணீர் போதும். எண்ணெயும் கிரீஸும் பெல்ட்டைத் தொடவே கூடாது. அவை புழுதியை ஒட்டவைத்து, பற்களை அரம்போல அராவும். கோடையில் உலர்ந்த தூசியால் கிரீச்சிட்டால், துடைத்துவிட்டுச் சிறிதளவு சிலிக்கோன் தெளிப்பைப் பயன்படுத்தலாம். பற்களின் ஒரு பக்கம் சுறாவின் துடுப்புபோலச் சாய்ந்து தேய்ந்திருந்தாலோ, நார் வெளியே தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள்.

நம் ஊர்ச் சாலையோரக் கடையில் சங்கிலிக் கண்ணி எங்கும் கிடைக்கும், பெல்ட் கிடைக்காது. நீண்ட பயணம் போகிறவர் மாற்றுப் பெல்ட் ஒன்றை, வந்த வளைவிலேயே சுற்றி, பையின் அடியில் நசுங்காத இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரம் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற பெல்ட்டைத் தளர்த்த வேண்டியிருக்கும். ஆகையால் இறுக்கம் சரியாக அமைந்த அன்றே, ஆக்சில் நிற்கும் இடத்தைப் பிரேமின் இருபுறமும் பெயின்ட்டால் மெல்லிய கோடாகக் குறித்துவையுங்கள். பஞ்சர் ஒட்டிய பிறகு சக்கரத்தை அந்தக் கோட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து, நட்டை முடுக்கி, ஒருமுறை சுண்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.